விளையாடிக் கற்கும் பிரெஞ்சும் ஸ்பானிஷும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மாலை வேளைகளில் பிரெஞ்சும், ஞாயிற்றுக்கிழமைகளில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் தொடக்கநிலை ஸ்பானிஷும் கற்பித்து வருகிறேன். பிள்ளைகளை அழைத்துப்போக வரும் பெற்றோரும், புதிதாகப் பணியில் சேர்ந்த மொழி ஆசிரியர்களும் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. வாசலில் நின்றபடி அரைகுறையாகச் சொன்ன விடைகளை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன். அயல்மொழிச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தோராயமாகவே காட்டியிருக்கிறேன். மாணவர்களின் ஏட்டில் அப்படி எழுத நான் விடுவதில்லை. அதன் காரணம் உச்சரிப்பைப் பற்றிய விடையில் வரும்.

உங்கள் வகுப்பில் எப்போது பார்த்தாலும் விளையாட்டுச் சத்தம்தான் கேட்கிறது. விளையாடினால் மொழி வந்துவிடுமா?

எல்லா விளையாட்டாலும் வராது. நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அந்த மொழியில் வாயைத் திறக்காமலே ஒரு விளையாட்டில் வென்றுவிட முடியுமானால், அது மொழி வகுப்புக்கு உரிய விளையாட்டு அன்று. ஈஃபெல் கோபுரப் படத்துக்கு வண்ணம் தீட்டுவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் அவர்கள் பேசியதெல்லாம் ‘பசை எங்கே, கத்தரிக்கோல் யாரிடம்’ என்ற தமிழாகவே இருக்கும். பசையும் கத்தரிக்கோலும் ஒருவரிடம் மட்டும் இருக்கும், பிரெஞ்சில் கேட்டால்தான் கொடுப்பார் என்று ஒரு விதியைச் சேர்த்தால், அதே வேலை மொழிப் பயிற்சியாகிவிடுகிறது.

விளையாட்டு பாடத்துக்கு மாற்றும் அன்று. பாடத்தில் ஒருமுறை பார்த்த வாக்கியத்தை அலுப்பில்லாமல் முப்பது முறை சொல்ல வைக்கும் வழி அது. வெறும் ஒப்பித்தலில் ஐந்தாவது முறையே பிள்ளையின் கண் ஜன்னலுக்குப் போய்விடும்.

ஒரு சொல்கூடத் தெரியாத பிள்ளைகளிடம் முதல் நாள் என்ன விளையாடுவது?

பிரெஞ்சுக்கு ‘ழாக் ஆ தி’, அதாவது ‘ழாக் சொன்னான்’. ஆசிரியர் ‘ழாக் சொன்னான்’ என்று தொடங்கிக் கட்டளையிட்டால் எழ வேண்டும், உட்கார வேண்டும், மூக்கைத் தொட வேண்டும்; அந்தத் தொடக்கம் இல்லாமல் சொன்ன கட்டளையைச் செய்தவர் ஆட்டத்திலிருந்து விலக வேண்டும். முதல் சுற்றில் பிள்ளைகள் கேட்டால் போதும். இரண்டாம் சுற்றில் கட்டளையிடுவது ஒரு பிள்ளையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்னே சொன்ன அளவுகோலில் இந்த விளையாட்டு தேறாது.

ஸ்பானிஷுக்கு நம் வீட்டுச் சொற்களே போதும். மேசை, அலமாரி, துவாலை, சப்பாத்து, கொய்யா, பப்பாளி ஆகியவை போர்த்துகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த சொற்கள். போர்த்துகீசியத்துக்கு நெருங்கிய உறவான ஸ்பானிஷில் அவை மேசா, அர்மாரியோ, தொவாயா, சபாத்தோ, குவயாபா, பபாயா என்று இருக்கின்றன. நான் ஸ்பானிஷில் சொல்வேன், பிள்ளைகள் பொருளையோ படத்தையோ காட்டிப் பெயரைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் நாளிலேயே ஆறு சொற்களை யாரும் கற்பிக்காமல் தாங்களே கண்டுபிடித்ததில் அவர்களுக்கு ஏற்படும் துணிச்சலுக்கு ஈடு இல்லை. அதன் பிறகு ஜன்னலையும் சாவியையும் காட்டுவேன். இவையும் போர்த்துகீசியச் சொற்களே, ஆனால் ஸ்பானிஷில் அவை வெந்தானா, யாவே. உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரே முகமாக இருக்க மாட்டார்கள் என்பதும் அன்றைக்கே புரிந்துவிடும்.

ஐம்பது பேர் உட்காரும் வகுப்பில் இதெல்லாம் எப்படி நடக்கும்?

பெரிய வகுப்புக்கு ஏற்றது மெக்சிகோ நாட்டின் லோத்தேரியா. நம் தம்போலாவைப் போன்றதுதான்; எண்களுக்குப் பதிலாகச் சேவல், நிலா, சூரியன் போன்ற படங்கள் இருக்கும். மொத்தம் 54 சீட்டுகள், ஒவ்வொருவர் அட்டையிலும் 16 படங்கள். அட்டை வாங்க வேண்டியதில்லை. கரும்பலகையில் எழுதிய முப்பது சொற்களிலிருந்து 16-ஐத் தேர்ந்து ஏட்டில் கட்டம் போட்டு வரையச் சொல்லலாம். அங்கே மொச்சை விதைகளை வைத்து மறைப்பார்கள். நமக்குப் புளியங்கொட்டை இருக்கிறது. அழைப்பவர் சொல்லை அப்படியே சொல்லாமல் ஒரு குறிப்பாகச் சொல்வது அந்நாட்டு வழக்கம். ‘விடியற்காலையில் கூவுவது’ என்று ஸ்பானிஷில் சொல்ல ஒரு பிள்ளை முயலும்போது வகுப்பு முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும்.

பிரெஞ்சில் அதே விளையாட்டை எண்களைக் கொண்டு நடத்துவேன். எழுபதைப் ‘அறுபது-பத்து’ என்றும், எண்பதை ‘நான்கு-இருபது’ என்றும், தொண்ணூற்றேழை ‘நான்கு-இருபது-பத்து-ஏழு’ என்றும் சொல்லும் மொழி அது. பிள்ளைகள் முதலில் திகைப்பார்கள். தமிழில் எண்பதுக்கு அடுத்து ‘ஒன்பது பத்து’ வர வேண்டிய இடத்தில் தொண்ணூறு என்று நூறு வந்து நிற்பதை எடுத்துக்காட்டினால், எண்களுக்கு எந்த மொழியிலும் ஒரு பழங்கதை உண்டு என்று ஏற்றுக்கொள்வார்கள். பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் செப்தாந்த், நொனாந்த் என்ற எளிய சொற்கள் உண்டு என்பதைத் தெரிவித்துவிடலாம். தேர்வுக்குப் பிரான்சின் வழக்கமே பாதுகாப்பானது.

பிரெஞ்சு விளையாட்டுதான் வேண்டுமா? நம் தெரு விளையாட்டையே வைத்துக்கொண்டால் என்ன?

தாராளமாக வைத்துக்கொள்ளலாம், பல விளையாட்டுகள் இரண்டு இடத்திலும் இருப்பவைதாம். நம் பிள்ளைகள் சில்லு எறிந்து நொண்டியடிக்கும் பாண்டி, பிரான்சில் மாரெல், ஸ்பானிஷில் ரயுவேலா. மாரெல் கட்டம் ‘பூமி’யில் தொடங்கி ‘வானத்தில்’ முடியும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வினைச்சொல்லை எழுதிவிட்டால், தாண்டும் காலோடு அதன் வடிவத்தையும் சொல்லியாக வேண்டும். தவறினால் முறை போயிற்று. கண்ணைக் கட்டி ஆடும் கண்ணாமூச்சியில் இடம், வலம், நேராக என்று வழி சொல்ல வைக்கலாம். பரமபதம் ஆடத் தெரிந்த பிள்ளைக்கு 63 கட்டங்கள் கொண்ட வாத்து விளையாட்டு ஐந்து நிமிடத்தில் புரியும்: வாத்துப் படத்தில் நின்றால் தாயக்கட்டையில் விழுந்த எண்ணையே மறுபடியும் நகர வேண்டும், சத்திரத்தில் நின்றால் முறையை இழக்க வேண்டும்.

ஆனால் புதுச்சேரியில் இருப்பவர்கள் தவறவிடக் கூடாதது பெத்தாங். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்குப் பிரான்சின் லா சியோத்தாவில் பிறந்த இந்த இரும்புக்குண்டு விளையாட்டை இன்றும் நம் ஊரில் பெரியவர்கள் ஆடுகிறார்கள். ‘கொஷொனே’, அதாவது பன்றிக்குட்டி, என்னும் சிறிய மரக்குண்டை 6 முதல் 10 மீட்டர் தொலைவுக்குள் எறிந்து, அதன் அருகே தம் குண்டுகளைக் கொண்டு சேர்க்க வேண்டும். முதலில் 13 புள்ளி எடுத்த அணி வெல்லும். வகுப்பில் கசக்கிய காகித உருண்டைகளே போதும். இதில் எறிவதைவிட அதற்குப் பிந்தைய வாக்குவாதமே எனக்கு முக்கியம். ‘என்னுடையதுதான் அருகில் இருக்கிறது’, ‘இல்லை, உன்னுடையது தள்ளி இருக்கிறது’, ‘அளந்து பார்’ என்று பிரெஞ்சில் வாதாடி நிறுவினால்தான் புள்ளி. ஒப்பீட்டு வாக்கியங்களைக் கற்பிக்க இதைவிட நல்ல வழியை நான் காணவில்லை.

என் மகனுக்கு அந்த மூக்கொலி வரவே இல்லை. நாக்கு அமைப்பே வேறா?

வேறு இல்லை, அவன் அந்த ஒலிகளை நாள்தோறும் எழுப்பிக்கொண்டுதான் இருக்கிறான். எழுத்தில் ‘பணம்’ என்று இருந்தாலும் பேச்சில் நாம் உதட்டை மூடுவதில்லை, கடைசி உயிர் மூக்கில் போய் நிற்கிறது. ‘வந்தான்’, ‘வந்தேன்’ ஆகிய சொற்களும் பேச்சில் அப்படியே. பிரெஞ்சின் மூன்று மூக்கொலிகளும் ஏறக்குறைய இந்த மூன்று சொற்களின் முடிவுகளே. பிள்ளைகளை வேகமாக ‘வந்தான், பணம், வந்தேன்’ என்று வீட்டுத் தமிழில் சொல்ல வைத்து, முடிவை மட்டும் நீட்டச் சொல்வேன். அதை அப்படியே பிரெஞ்சுச் சொல்லில் வைத்துவிடலாம். ஸ்பானிஷிலும் இப்படி நமக்கு முன்பே வாய்த்தவை உண்டு: ஞகரம் அப்படியே இருக்கிறது, ‘ஆனால்’ என்று பொருள்படும் பெரோவையும் ‘நாய்’ என்று பொருள்படும் பெறோவையும் கரை, கறை என்னும் இணையை அழுத்தமாகச் சொல்லிப் பழகிய பிள்ளை எளிதில் பிரித்துவிடும்.

நம் தடுமாற்றம் வேறிடத்தில் இருக்கிறது. தமிழில் வல்லோசைக்கும் மெல்லோசைக்கும் ஒரே பகரம். பிரெஞ்சிலோ அந்த வேறுபாட்டில் மீன் பானமாகிவிடும், சகர ஒலி சற்று அதிர்ந்தால் மீன் விஷமாகிவிடும். மூன்று சொற்களையும் தமிழில் எழுதினால் ‘புவாசோன்’ என்ற ஒரே வடிவம்தான் கிடைக்கும். ஏட்டில் தமிழ் எழுத்தில் எழுத நான் விடாததற்கு இதுவே காரணம். மீன், குவளை, மண்டையோடு படங்களை ஆளுக்கு மூன்றாகக் கொடுத்து, ஒருவர் சொல்ல மற்றவர்கள் உரிய படத்தை உயர்த்தும் விளையாட்டை வாரம் ஒருமுறை ஆடினால் காது தெளிந்துவிடும்.

மேசை எப்படிப் பெண்பால் ஆகும்? பிள்ளை கேட்கிறாள், எனக்கு விடை தெரியவில்லை.

தமிழில் ஆண்பாலும் பெண்பாலும் உயர்திணைக்கு உரியவை, பொருளைப் பார்த்துத் தீர்மானிப்பவை. பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் பால் என்பது சொல்லின் பண்பு. மேசைக்குப் பெண்மை ஏதும் இல்லை, ‘மேசை’ என்ற சொல் அந்த வரிசையில் நிற்கிறது, அவ்வளவுதான். எனவே காரணம் தேடாமல், பெயருக்கு முன்னே நின்று பாலைக் காட்டும் முன்னொட்டுச் சொல்லோடு சேர்த்தே ஒவ்வொரு பெயரையும் வாய்க்குப் பழக்க வேண்டும். சுவரின் இரு மூலைகளை இரண்டு பாலுக்கும் ஒதுக்கி, சொல்லைக் கேட்டதும் முன்னொட்டோடு உரக்கச் சொல்லிக்கொண்டு ஓடச் செய்யலாம்.

வகுப்பில் ஒரு வார்த்தை தமிழ் பேசக் கூடாது என்று இன்னொரு பள்ளியில் சொல்கிறார்கள். நீங்கள் ஏன் அனுமதிக்கிறீர்கள்?

நான் பணிபுரிந்த ஒரு பள்ளியில் அந்த விதி இருந்தது. தமிழ் பேசினால் அபராதம். விளைவாகப் பிள்ளைகள் பிரெஞ்சு பேசவில்லை, பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள். தமிழைத் தடுப்பதைவிட அதற்கு ஒரு வேலை கொடுப்பதே நல்லது என்ற முடிவுக்கு அங்கேதான் வந்தேன்.

அந்த வேலைக்கு நம் ஊரிலேயே முன்னோடி ஒருவர் இருக்கிறார். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை (1709-1761), 1736 முதல் தம் நாட்குறிப்பைத் தமிழில் எழுதினார். துபாஷி என்றால் இரு மொழி அறிந்தவர். என் வகுப்பில் மிகவும் விரும்பப்படும் விளையாட்டுக்கு அவரை நினைத்தே ‘துபாஷி ஆட்டம்’ என்று பெயர் வைத்தேன். மூன்று நாற்காலிகள். இடப்பக்கம் இருப்பவர் பிரெஞ்சு மட்டும் தெரிந்த பயணி, வலப்பக்கம் இருப்பவர் தமிழ் மட்டும் தெரிந்த, குபேர் மார்க்கெட்டின் மீன் வியாபாரி, நடுவே துபாஷி. பயணி விலை கேட்பார், வியாபாரி வஞ்சிரத்துக்கு விலை சொல்வார், பேரம் நடக்கும். இருவரும் நேராகப் பேசிக்கொள்ளக் கூடாது. பேரம் படிந்தால் மூவருக்கும் புள்ளி, படியாவிட்டால் ஒருவருக்கும் இல்லை.

இதில் துபாஷி சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் தோற்றுப்போவார். ‘கட்டுப்படியாகாது அண்ணே’ என்பதற்குப் பிரெஞ்சில் நேர்ச்சொல் கிடையாது. ‘அது மிக அதிகம், ஐயா’ என்று கருத்தைக் கடத்த வேண்டும். வியாபாரி ‘நீங்க’ என்றாரா ‘நீ’ என்றாரா என்பதைக் கவனித்து ‘வூ’, ‘த்யூ’ இரண்டில் ஒன்றைத் தேர வேண்டும். ஆங்கிலத்தில் இல்லாத இந்த மரியாதை வேறுபாடு தமிழ்ப் பிள்ளைக்கு இயல்பாகவே கைவருகிறது, ஸ்பானிஷின் ‘தூ’, ‘உஸ்தெத்’ வேறுபாடும் அப்படியே. தமிழை வெளியே நிறுத்திவிட்டு வரச் சொல்லியிருந்தால் இந்தச் செல்வத்தையும் வெளியே நிறுத்தியிருப்போம்.

பண்பாட்டுச் செயல்பாடு என்று சொல்லி ஏதாவது செய்ய வேண்டியிருக்கிறது. கொடியும் கோபுரமும் தவிர வேறு என்ன செய்யலாம்?

ஜனவரி 6-ஐ ஒட்டி ‘கலெத் தே ருவா’, அரசர்களின் பணியாரம். வட்டமான அந்தப் பண்டத்துக்குள் ஃபேவ் என்ற சிறு பொம்மை ஒளிந்திருக்கும். முற்காலத்தில் உண்மையான அவரை விதையை வைத்தார்கள். இருப்பவர்களில் இளையவர் மேசைக்கு அடியில் அமர்வார். ஒவ்வொரு துண்டு வெட்டும்போதும் ‘இது யாருக்கு?’ என்று கேட்க, அவர் பார்க்காமலே ஒரு பெயரைச் சொல்வார். பொம்மை கிடைத்தவருக்கு மகுடம். கேள்வியும் பதிலும் அந்தச் சடங்கிலேயே இருப்பதால் நாம் எதையும் ஒட்டவைக்க வேண்டியதில்லை. பொம்மைக்குப் பதிலாக முழுப் பாதாம் பருப்பு பாதுகாப்பானது. முட்டை சேர்ந்த பண்டமாக இருந்தால் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். பிப்ரவரி 2 அன்று ஒரு கையில் நாணயத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் மெல்லிய தோசை போன்ற கிரேப்பைத் தூக்கிப் போட்டுத் திருப்பும் வழக்கத்தைத் தோசை சுடத் தெரிந்த பிள்ளைகள் வீட்டிலேயே செய்து பார்த்து, மறுநாள் செய்முறையைப் பிரெஞ்சில் சொல்லலாம்.

புதுச்சேரிப் பிள்ளைகளுக்குத் தெருவே பாடநூல். நீலப் பலகையில் எழுதிய பெயரைப் படித்து, ‘இவர் யார், என்ன செய்தார்’ என்று பிரெஞ்சில் மூன்று வாக்கியம் எழுதி வரச் சொல்வேன். தூமா வீதியைப் பெரும்பாலோர் நாவலாசிரியர் பெயர் என்று நினைத்துவிடுவார்கள். அது 1735 முதல் 1741 வரை ஆளுநராக இருந்த தூமா. ரொமேன் ரொலான் வீதியில் இருப்பவர்தான் எழுத்தாளர், 1915ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றவர். கொம்யூன் பஞ்சாயத்துப் பலகை, காவலரின் சிவப்புக் கெப்பித் தொப்பி, 2014இல் இடிந்து மீண்டும் கட்டப்பட்ட மேரி (நகராட்சி) கட்டடம் ஆகியவற்றையும் பட்டியலில் சேர்க்கலாம்.

நாங்கள் கடலூர். எங்களுக்கு நீலப் பலகை ஏது?

புதுச்சேரியின் சுஃப்ரேன் வீதிக்குப் பெயர் தந்த கடற்படைத் தலைவர் 1783 ஜூன் 20 அன்று போரிட்டது உங்கள் கடலில்தான். ஐரோப்பாவில் அதற்கு முன்பே சமாதானம் கையெழுத்தாகியிருந்தது. செய்தி வந்து சேராததால் கப்பல்கள் மோதிக்கொண்டன. இறந்தகால வாக்கியங்களுக்கும் ‘முன்பு’, ‘பின்பு’ என்ற சொற்களுக்கும் இதைவிட உயிருள்ள பாடம் வேண்டுமா? தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டை இருந்த இடத்துக்கு அழைத்துப் போய், 1758இல் பிரெஞ்சுப் படை அதைக் கைப்பற்றியதை ஆளுக்கு ஒரு வாக்கியமாகத் தொடர்கதை சொல்ல வைக்கலாம்.

ஸ்பானிஷ் வகுப்பில் இறந்தவர் நாள் கொண்டாடினீர்களாமே. பிள்ளைகளிடம் சாவு பற்றியா பேசுவது?

நவம்பர் 1, 2 தேதிகளில் மெக்சிகோவில் இறந்த முன்னோருக்குப் படம் வைத்து, அவர்கள் விரும்பிய உணவைப் படைத்து, செம்மஞ்சள் பூவால் வழி அமைப்பார்கள். அந்தப் பூ நம் செண்டுமல்லி. அதன் தாயகமே மெக்சிகோ. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தியோடு போகும் பிள்ளையும், பெரியவர்களுக்குப் படையல் போடும் வீட்டுப் பிள்ளையும் என் வகுப்பில் இருக்கிறார்கள். ‘என் தாத்தாவுக்குச் சுக்குக் காப்பி பிடிக்கும்’ என்ற வாக்கியத்தை ஸ்பானிஷில் சொல்லி ஒரு குவளைப் படத்தை வைக்கும் பிள்ளை பயப்படுவதை நான் கண்டதில்லை. அண்மையில் வீட்டில் இழப்பு நேர்ந்த பிள்ளை இருந்தால் மட்டும், பெற்றோரிடம் பேசாமல் இதைச் செய்வதில்லை. அந்த ஆண்டு பின்யாத்தாவை வைத்துக்கொள்ளலாம்: கண்ணைக் கட்டிக்கொண்டு தொங்கும் பொம்மையை அடித்து மிட்டாயை உதிர்க்கும் அது நம் உறியடிக்கு அடுத்த வீடு.

இரண்டு மொழியையும் சேர்த்துப் படித்தால் குழம்பாதா?

ஒரே நாளில் தொடங்கினால் குழம்பும். ஓராண்டு இடைவெளி விடுவது என் வழக்கம். அதன் பிறகு குழப்பத்தையே விளையாட்டாக்கிவிடலாம். எழுத்தில் ஒரே வடிவமாக இருந்து பொருள் மாறும் சொற்கள் உண்டு: ‘நோம்ப்ர்’ பிரெஞ்சில் எண், ஸ்பானிஷில் அது ‘நோம்ப்ரே’, பெயர். ‘சலிர்’ ஒன்றில் அழுக்காக்குவது, மற்றதில் வெளியேறுவது. ‘சுபிர்’ ஒன்றில் துன்பத்துக்கு ஆளாவது, மற்றதில் ஏறுவது. சீட்டை உயர்த்தியதும் ஓர் அணி பிரெஞ்சுப் பொருளையும் மற்ற அணி ஸ்பானிஷ் பொருளையும் நடித்து ஒரு வாக்கியமும் சொல்ல வேண்டும். ஓர் அணி கதவை நோக்கி ஓட, மற்ற அணி கறைபட்ட கையைக் காட்டும் அந்தக் காட்சி மறக்காது.

இதெல்லாம் தேர்வுக்கு உதவுமா?

பிரெஞ்சு மொழித் திறனுக்குச் சான்றிதழ் தரும் டெல்ஃப் தேர்வின் முதல் நிலையான ஆ-1இல் பேச்சுப் பகுதி மூன்று கூறுகளைக் கொண்டது: தன்னைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில், சீட்டில் உள்ள சொல்லைக் கொண்டு கேள்வி கேட்பது, பொருள் வாங்குவது போன்ற உரையாடலை நடிப்பது. மூன்றாவது கூறு துபாஷி ஆட்டத்திலிருந்து துபாஷியை எடுத்துவிட்டால் கிடைப்பதுதான்.

ஜூலை 14-ஐ வகுப்பில் கொண்டாடுவது, நம்மை ஆண்டவர்களைக் கொண்டாடுவதாகாதா?

கேட்க வேண்டிய கேள்வி. 1789இல் பாஸ்தி சிறை வீழ்ந்த நாள் அது. 1880இல் பிரான்சின் தேசிய நாளாயிற்று. மக்கள் உரிமையைப் பேசிய அதே நாடு இங்கே ஆட்சி செலுத்தியது என்பதை மறைத்துவிட்டுக் கொடி மட்டும் ஒட்டினால், நீங்கள் அஞ்சுவதே நடக்கும். கடற்கரைச் சாலையின் போர் நினைவுச்சின்னத்தில் அன்று விளக்கேற்றுவதைக் காட்டும்போது, அதில் நினைவுகூரப்படுபவர்கள் யாருடைய போரில் இறந்தார்கள் என்ற கேள்வியையும் பிள்ளைகள் பிரெஞ்சிலேயே கேட்க வேண்டும். பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய ‘சொல்தா’ குடும்பத்துப் பிள்ளைக்கும் விடுதலைப் போராட்டக் குடும்பத்துப் பிள்ளைக்கும் வேறு வேறு விடைகள் இருக்கும். இரண்டுக்கும் இடம் கொடுப்பேன்.

அதோடு நிறுத்துவதில்லை. அக்டோபர் 18 வரும்போது கீழூர் வாக்கெடுப்பை வகுப்பில் நடத்துவோம். 1954இல் அங்கே கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் புதுச்சேரி இந்தியாவோடு இணைவதற்கு ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 அன்று. ‘நூறு-அறுபது-பத்து’ என்று பிள்ளைகள் வாக்கை எண்ணி அறிவிக்கும்போது, தம்போலாவில் கற்ற அந்த விந்தையான எண்கள் நம் வரலாற்றைச் சொல்லும் சொற்களாகின்றன.

விளையாடும்போது தவறாகப் பேசினால் உடனே திருத்த வேண்டாமா? என் பெண் திருத்தினால் வாயே திறக்க மாட்டாள்.

ஆட்டத்தின் நடுவில் நான் திருத்துவதில்லை. தவறுகளைக் கையேட்டில் பெயரில்லாமல் குறித்துக்கொண்டு, ஆட்டம் முடிந்ததும் நான்கைந்தைக் கரும்பலகையில் எழுதி எல்லோருமாகச் சரிசெய்வோம். பொருளே மாறிவிடும் தவறானால் மட்டும், அவள் சொன்னதைச் சரியான வடிவில் ஒரு கேள்வியாகத் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் தானே திருத்திக்கொள்வாள்.

பேசத் தயங்கும் பிள்ளையைத் துபாஷி ஆட்டத்தில் முதலில் வியாபாரியாக உட்கார வையுங்கள். அங்கே தமிழ் போதும். இரண்டு வாரம் நடுவில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டிருந்த பிறகு, எந்த நாற்காலி வேண்டும் என்று அவளிடமே கேளுங்கள்.